தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு: உறையா, பயிற்சியா, ஊசியா?

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்குத் தாம் கடிப்பது தெரியாது. பக்கத்தில் படுப்பவர் சொன்னால்தான் உண்டு. தனியாகப் படுப்பவருக்கு அதுவும் இல்லை. காலையில் எழும்போது தாடை இறுகிக் கிடப்பது, நெற்றிப்பொட்டில் வலி, காதுக்கு முன்னால் ஒரு குத்தல், இவைதான் துப்பு. காது வலி என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், "காதில் ஒன்றுமில்லை, பல் டாக்டரைப் பாருங்கள்" என்று திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

குழப்பம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஆன்லைனில் தேடினால், தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை, வெந்நீரில் போட்டுக் கடித்து அச்சுப் பதிப்பது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தருவது சில ஆயிரம். பிசியோதெரபிஸ்ட் பயிற்சி போதும் என்கிறார். தோல் கிளினிக் விளம்பரமோ போடாக்ஸ் ஊசி போட்டால் வலியும் போகும், முகமும் ஒடுங்கும் என்கிறது. வீட்டில் பாட்டி இருந்தால் "வயித்துல பூச்சி இருக்கும், மருந்து குடு" என்று முடித்துவிடுவார். எதை எடுப்பது என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்காக இந்த ஒப்பீடு. நானும் பல் கடிக்கும் கட்சிதான், அதனால் கொஞ்சம் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறை பல்லைக் காப்பாற்றும்; வலியைப் பெரிதாகக் குறைக்காது. வலியைக் குறைப்பது பகல் பழக்கமும் கைப்பயிற்சியும். பல் தேய்வு, தாடை வலி என்ற இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் காசு செலவழித்தும் "ஒன்றும் சரியாகவில்லை" என்கிறார்கள்.

ஏன் கடிக்கிறோம்

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தாததால்தான் கடிக்கிறோம் என்று ஒரு காலத்தில் பல் மருத்துவத்திலேயே நம்பினார்கள். இப்போது அந்தக் கருத்து கிட்டத்தட்ட போய்விட்டது. தூக்கம் ஆழமில்லாத கட்டங்களில், நமக்கே தெரியாமல் மூளை சில நொடிகள் விழிப்புக்கு அருகில் வந்து போகும். அந்த நேரத்தில் இதயத்துடிப்பு கூடும், அதை ஒட்டி மெல்லும் தசைகளும் தாளம் போட்டதுபோல் இறுகும். கட்டளை மூளையிலிருந்து வருகிறது. பல் வெறும் அடிவாங்கும் இடம். 2018-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட கருத்தொற்றுமை அறிக்கை, மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவரிடம் இதை ஒரு நோய் என்றே சொல்ல வேண்டியதில்லை, ஒரு தசைச் செயல்பாடு என்று கொண்டால் போதும் என்றது. கெடுதல் வரும்போது மட்டும் கவனிக்க வேண்டியது.

ஆனால் விசை சாதாரணமல்ல. 2001-இல் ஜப்பானில் தூங்குபவர்களின் கடிவிசையை அளந்தபோது அதிகபட்சம் 81 கிலோவைத் தாண்டியது. விழித்திருக்கும்போது வேண்டுமென்றே அழுத்திக் கடிப்பதைவிடத் தூக்கத்தில் கூடுதலாகக் கடித்தவர்களும் அதில் இருந்தார்கள். வலிக்கும் என்று எச்சரித்து நிறுத்தும் காவல் தூக்கத்தில் தளர்ந்துவிடுகிறது. பல்லின் மேல் கட்டிய கேப் உடைவதும் பல் விரிசல் விடுவதும் இதனால்தான்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், நான் ஏற்கெனவே சொன்னது: காப்பாற்ற வேண்டியது பல்லையா, தீர்க்க வேண்டியது வலியையா? இதற்கு வீட்டிலேயே ஓரளவு பதில் கிடைக்கும். போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பாருங்கள். கோரைப்பல்லின் நுனி கூராக இல்லாமல் தட்டையாகிவிட்டதா? கீழ்த் தாடையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் மேலும் கீழும் அந்தத் தட்டை முகங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றனவா? கடைவாய்ப் பல்லின் மேல் மஞ்சளாகக் குழி தெரிகிறதா? குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா? ஆம் என்றால் எனாமல் போய்க்கொண்டிருக்கிறது. கன்னத்தின் உட்புறம் பல் வரிசைக்கு இணையாக ஒரு வெள்ளைக்கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், இவை அழுத்திக் கடிப்பதன் அடையாளம். ஒன்று கவனிக்க: பழைய தேய்வு இன்றைய தேய்வு ஆகாது. பத்து வருடத்துக்கு முன் கடித்து இப்போது நிறுத்தியவருக்கும் பல் தட்டையாகத்தான் இருக்கும். அதனால் பல் டாக்டரிடம் போட்டோவோ அச்சோ எடுத்து வைத்து, ஆறு மாதம் கழித்து ஒப்பிடச் சொல்வது நல்லது.

இரண்டாவது, பின்வாங்க முடியுமா என்பது. உறை பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைக்கலாம். கடி சரியில்லை என்று பல்லை ராவிவிட்டால் ராவியதுதான்.

மூன்றாவது, இன்றைய விலையை விட்டுவிட்டு மூன்று வருடக் கணக்கைப் பார்ப்பது. நம் ஊர் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் பல் சிகிச்சைக்குக் காசு தராது (விபத்து தவிர), அதனால் எல்லாம் கைக்காசு.

நான்காவது, நீங்கள் தினமும் செய்வீர்களா. டப்பாவில் கிடக்கும் உறை எந்தப் பல்லையும் காப்பாற்றாது.

ஐந்தாவதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கிறதா? பலத்த குறட்டை, பகலில் தூங்கி வழிதல், நடு இரவில் மூச்சு முட்டி எழுதல் இருந்தால் தூக்க மூச்சுத்தடை (தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு அடைபடுவது) இருக்கலாம். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஃபுளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் போன்ற மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கடிப்பு வந்தால் மாத்திரையே காரணமாக இருக்கலாம். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். மாலைக் காபி, மது, சிகரெட் மூன்றும் கடிப்பைக் கூட்டுபவை.

வாயைத் திறக்கவே முடியவில்லை என்றால் பாக்குப் பழக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். பான்மசாலா, குட்கா, வெறும் பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் திறப்பு குறையும், காரம் பட்டால் எரியும். அது வேறு நோய், புற்றுநோய்க்கு முன்னோடியாகவும் ஆகலாம். அதற்கு உறை மாட்டிக்கொண்டிருப்பது காலவிரயம். உங்கள் விரல்கள் மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்க முடிந்தால் திறப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

வெந்நீரில் போட்டுக் கடிக்கும் உறை

ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக். கொதித்து இறக்கிய நீரில் சில நொடி வைத்தால் இளகும், எடுத்துப் பல்லில் பொருத்திக் கடித்தால் அச்சு விழும். விலை குறைவு, டாக்டரைப் பார்க்க வேண்டாம், இன்றே கிடைக்கும். இதன் பலம் இதோடு முடிந்தது.

தடிமன் அதிகம் என்பதால் வாய் மூடாமல் எச்சில் வழியும், சிலருக்குக் குமட்டும். தளர்வாக இருந்தால் நடு ராத்திரி துப்பிவிடுவீர்கள். காலையில் தலையணைக்கு அடியில் கிடக்கும். பலமாகக் கடிப்பவர் சில வாரங்களிலேயே ஓட்டை போட்டுவிடுவார். வருடத்துக்கு நான்கைந்து வாங்கினால் டாக்டர் செய்யும் உறையின் விலையை நெருங்கிவிடும். அதைவிடப் பெரிய மறைசெலவு ஒன்று உண்டு. கடைசிக் கடைவாய்ப் பல்லை மூடாத குட்டை உறையைத் தொடர்ந்து போட்டால், மூடாத பல் எதிர்ப்பில்லாமல் மெல்ல எழும்பிவிடும். அப்புறம் வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டும்.

எங்கே சரி? வெளியூரில் உறை தொலைந்துபோய் இடைக்காலத்துக்கு ஏதாவது வேண்டும் என்றால். உறை என்ற ஒன்றோடு நம்மால் தூங்க முடியுமா என்று சில இரவுகள் பார்க்க. கிளிப் போட்டிருப்பவர், புதிதாகக் கேப் கட்டியவர், ஆடும் பல் உள்ளவர் இதைத் தொடவே வேண்டாம்.

கிளினிக்கில் செய்யும் மென்மையான உறை

பல்லுக்கு அச்சு எடுத்து, அதன் மேல் இளகிய தகட்டை உறிஞ்சிப் பொருத்திச் செய்வது. கச்சிதமாக உட்காரும், முதல் இரவே பழகிவிடும். பல கிளினிக்குகளில் "நைட் கார்டு" என்று கேட்டால் பேசாமல் இதைத்தான் தருவார்கள், செய்வது சுலபம் என்பதால்.

இதன் சிக்கல், மெத்தென்று எதையாவது பல்லுக்கு நடுவே வைத்தால் சிலருக்கு அதை மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். 1987-இல் 10 பேரை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வில், கெட்டியான உறை போட்ட இரவுகளில் 8 பேருக்குத் தசை இறுக்கம் குறைந்தது. மென்மையான உறையில் குறைந்தது ஒருவருக்கு மட்டும். 5 பேருக்குக் கூடியது. பத்துப் பேர் கணக்கை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் மென்மையான உறை போட்டபின் காலை வலி கூடினால் "பழகிக்கும்" என்று இருக்காமல் மாற்றிவிடுங்கள்.

வலி இல்லை, லேசான கடிப்பு, பட்ஜெட் குறைவு என்பவருக்கு இது போதும். உள்ளே மென்மையும் வெளியே கெட்டியுமாக இரட்டை அடுக்கு உறை ஒன்றும் உண்டு. கெட்டி உறை உறுத்துகிறது என்பவர்களுக்கு நல்ல சமரசம்.

கெட்டியான அக்ரிலிக் உறை

பல்லைக் காப்பதில் இதற்கு மிஞ்சியது இல்லை என்பது என் கட்சி. பெரும்பாலும் மேல் தாடைக்குச் செய்வார்கள். அச்சு எடுக்க ஒரு நாள், லேபிலிருந்து வந்ததும் பொருத்த ஒரு நாள், அப்புறம் சரிபார்க்க ஒன்றிரண்டு முறை.

உறையின் தரமே அந்தப் பொருத்தும் நாளில்தான் இருக்கிறது. டாக்டர் இடுக்கியில் நீலக் கார்பன் தாளைப் பிடித்து உறைக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைத்து, "டக் டக்னு கடிங்க" என்பார். "இப்ப இடம் வலமா அரைங்க." வெளியே எடுத்தால் உறையின் மேல் நீலப் புள்ளிகள்: ஒரு பக்கம் அடர்த்தியாகக் கொத்தாக, மறுபக்கம் பேருக்கு ஒன்றிரண்டு. அடர்த்தியான இடத்தைச் சின்னச் சுழல் கருவியால் உரசுவார், வெள்ளைப் பொடி உதிரும், மறுபடி தாள், மறுபடி கடி. இரு பக்கமும் எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் லேசாகப் படும்வரை இது நடக்க வேண்டும். பொறுமையான டாக்டர் இதற்கே அரை மணி எடுத்துக்கொள்வார். உறையைக் கையில் கொடுத்து "போட்டுப் பாருங்க, சரியா இருக்கும்" என்று அனுப்பிவிட்டால் நீங்கள் கொடுத்த காசில் பாதி வீண்.

மறைசெலவுகள்: சரிபார்க்கும் நாட்களின் லீவு, ஆட்டோ. புதிதாகக் கேப் கட்டினாலோ பல்லை அடைத்தாலோ உறை பொருந்தாமல் போகலாம், அதனால் பல் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு அளவு கொடுங்கள். வெந்நீரில் கழுவக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வளையும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து நாற்றம் தங்கும். பச்சைத் தண்ணீர், மென்மையான பிரஷ், ஒரு சொட்டு திரவ சோப்பு, அவ்வளவே. நாய் வளர்ப்பவர்கள் உயரத்தில் வையுங்கள், எச்சில் வாசனைக்கு அது தேடி வந்து கடித்துவிடும்.

பராமரித்தால் பலருக்குச் சில வருடங்கள் வரும். உறையிலேயே பள்ளம் விழுவது குறை ஆகாது. பல் தேய வேண்டிய இடத்தில் அது தேய்கிறது.

இனி எதிர்ப்பக்கம். தூக்கத்தில் பல் கடிப்பதற்கான உறைகளைப் பற்றிய 2007-ஆம் ஆண்டு காக்ரேன் மறுஆய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் சர்வதேச அமைப்பு வெளியிடுவது), உறை கடிப்பையே குறைக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, பல் தேய்வைத் தடுப்பதில் பலன் இருக்கலாம் என்ற அளவில் நின்றது. 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த நாட்பட்ட தாடை மூட்டு வலிக்கான வழிகாட்டுதலில், வலிக்காக உறை போடுவதை நிபுணர் குழு ஆதரிக்கவில்லை. வேண்டாம் என்ற பக்கமே, கண்டிப்பில்லாமல், சாய்ந்தது. ஆக, மூன்று மாதத்துக்கு மேலாக வலி, பல்லில் தேய்வே இல்லை என்பவர் விலை கூடிய உறையோடு தொடங்கத் தேவையில்லை. குறட்டை விடுபவர் இன்னொன்றும் கவனிக்கணும்: மேல் தாடை உறை சிலருக்கு மூச்சுத்தடையைக் கூட்டியிருக்கிறது.

முன்பற்களில் மட்டும் மாட்டும் சின்ன உறையும் சிலர் தருகிறார்கள். பின்பற்கள் எழும்பும் ஆபத்தும், தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகும் ஆபத்தும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பகல் பழக்கம், ஒத்தடம், கைப்பயிற்சி

இலவசம் என்பதாலேயே மதிப்பில்லாமல் போன வழி இது. மேலே சொன்ன அதே 2023 வழிகாட்டுதல், நாட்பட்ட வலிக்கு அழுத்தமாகப் பரிந்துரைத்தவை எவை என்று பாருங்கள்: மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் நீட்டலும், பிசியோதெரபிஸ்ட் கையால் தாடையை அசைத்துவிடுவது, தசை முடிச்சுகளை அழுத்திவிடுவது, உட்காரும் நிலைக்கான பயிற்சி, மனப்பழக்கத்தை மாற்றும் சி.பி.டி. சிகிச்சை, வீட்டுப் பயிற்சி, சுயமசாஜ். பளபளப்பாக ஒன்றும் இல்லை.

ஏன் வேலை செய்கிறது என்றால், தாடை வலிக்காரர்களில் பலர் பகலிலும் பல்லை இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சத்தம் வராததால் தெரிவதில்லை. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் பற்கள் தொட்டுக்கொள்ளும் நேரமெல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு அரை மணிகூட வராது. மற்ற நேரம் உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும். கணினித் திரையை உற்றுப் பார்க்கும்போது, டிராஃபிக்கில் வண்டி ஓட்டும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை கவனியுங்கள். இதைப் படிக்கும் இந்த நொடியிலேயே பார்க்கலாம்.

தாடையின் ஓய்வு நிலையைப் பிடிக்க எளிய வழி: "அவன்" என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்வரிசை முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டி நிற்கும், கடைவாய்ப் பற்கள் விலகியிருக்கும். அங்கேயே நாக்கை வைத்து உதட்டை மூடிக்கொள்ளுங்கள். கணினி ஓரத்தில், ஸ்டியரிங்கில், அடுப்படி டைல்ஸில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரியுங்கள்.

மாலையில் ஒத்தடம். துண்டை வெந்நீரில் பிழிந்தோ, உப்பை வறுத்துத் துணியில் முடிந்தோ, கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். உப்பு முடிச்சின் சூட்டை முதலில் முன்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மசாஜ்: ஒருமுறை பல்லைக் கடித்தால் கன்னத்தின் பின்பகுதியில் தசை புடைத்து எழும், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பல்லை விட்டுவிட்டு, இரண்டு விரலால் மெல்ல வட்டமாக அழுத்துங்கள். நெற்றிப்பொட்டிலும் அதேபோல. நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுவது அடுத்தது. கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்குங்கள்.

வலி அதிகமாக இருக்கும் வாரங்களில் முறுக்கு, தட்டை, பனங்கிழங்கு, சூயிங்கம், எலும்புக் கறி வேண்டாம். பொங்கல் சமயத்தில் கரும்பைக் கடித்து இழுக்காமல் துண்டு போட்டுச் சாப்பிடுங்கள், அல்லது சாறு குடியுங்கள். குப்புறப் படுத்துக் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்குவதும் தாடையை ஒரு பக்கமாகத் தள்ளும்.

இதன் செலவு நேரமும் பொறுமையும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், மூன்றாம் நாளே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தனியாகச் செய்ய முடியாதவருக்குத் தாடை மூட்டில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் வேண்டும். முதுகு, முழங்கால் பார்ப்பவர் எல்லாரும் தாடையைப் பார்ப்பதில்லை, போகும் முன் கேட்டுவிடுங்கள். தாடை பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தால் பயிற்சி என்று வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். இன்னொரு வரம்பும் உண்டு: இரவில் மூளை இடும் கட்டளையை இது நிறுத்தும் என்று உறுதி இல்லை. தேய்கிற பல் தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

போடாக்ஸ் ஊசி

கன்னத் தசையில் போடும் ஊசி அந்தத் தசையைப் பாதி செயலிழக்கச் செய்கிறது. கடிக்கும் தடவைகள் பெரிதாகக் குறையாது, ஒவ்வொரு கடியின் விசை குறையும். பலன் மூன்று, நான்கு மாதம். அப்புறம் மறுபடி.

இங்கேதான் மூன்று வருடக் கணக்கு முக்கியம். ஒரு முறைக்கு என்ன கேட்கிறார்களோ அதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள், கெட்டி உறை மலிவாகத் தெரியும். சப்பாத்தி மெல்லவே தாடை சோர்வது, மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவிச் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணுவது, கன்னம் தொய்வது உண்டு. தசை வேலை செய்யாத இடத்தில் தாடை எலும்பு அடர்த்தி குறையலாம் என்ற கவலையும் ஆராய்ச்சியாளர்களிடம் இருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம். நாட்பட்ட வலிக்கு இதையும் 2023 வழிகாட்டுதல் ஆதரிக்கவில்லை.

ஆனாலும் இதற்கும் இடம் உண்டு. கன்னத் தசை கட்டியாகப் பெருத்து, கேப்பும் இம்பிளாண்ட்டும் (எலும்பில் பதித்த செயற்கைப் பல்) அடுத்தடுத்து உடைந்து, உறையும் பயிற்சியும் கைகொடுக்காதவருக்கு, முகத் தசைகளைத் தெரிந்த டாக்டர் கையால் போட்டால் பலன் இருக்கலாம். முகம் ஒடுங்க வேண்டும் என்பதுதான் உள்ளூர ஆசை என்றால் அதை அழகுச் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

பல்லை ராவுவது, வரிசை மாற்றுவது

"கடி சரியில்லை, ராவிவிட்டால் நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள். எனாமல் திரும்ப வளராது. பல் வரிசைக்காகக் கிளிப் போடுவது வேறு விஷயம். பல் கடிப்பை நிறுத்துவதற்காகக் கிளிப் போட வேண்டாம்.

ஒரே பார்வையில்

| வழி | பல் தேய்வுக்கு | வலிக்கு | மூன்று வருடச் செலவு | பின்வாங்க முடியுமா | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| வெந்நீர் உறை | கொஞ்ச நாள் | நம்ப முடியாது | குறைவுபோல் தெரிந்து ஏறும் | நீண்ட நாள் போட்டால் பல் நகரலாம் | இடைக்காலத்துக்கு |
| மென்மையான உறை | பரவாயில்லை | சிலருக்குக் கூடும் | நடுத்தரம், அடிக்கடி மாற்றணும் | முடியும் | லேசான கடிப்பு |
| கெட்டி உறை | நன்று | ஆளைப் பொறுத்தது | முதலில் அதிகம், பின்பு குறைவு | முடியும் | தேய்வு, உடைந்த பல், கேப் உள்ளவர் |
| பழக்கம், பயிற்சி | காக்காது | நன்று | நேரம். பிசியோ கட்டணம் | முடியும் | வலி உள்ள எல்லாருக்கும் |
| போடாக்ஸ் | விசையைக் குறைக்கும் | உறுதியில்லை | மிக அதிகம் | சில மாதத்தில் தானே தீரும் | கடைசிக் கட்டம் |
| ராவுதல் | இல்லை | இல்லை | உண்டு | முடியாது | யாருக்கும் வேண்டாம் |

உங்கள் நிலைமைக்கு

சத்தம் மட்டும் வருகிறது, வலியும் இல்லை தேய்வும் இல்லை என்றால் எதுவும் வாங்காதீர்கள். மாலைக் காபியை விடுங்கள், வருடம் ஒருமுறை பல்லைக் காட்டுங்கள். சத்தம் பக்கத்தில் படுப்பவரின் தூக்கத்தைக் கெடுத்தால், அவருக்காக ஒரு உறை போட்டுக்கொள்வது நியாயமான காரணமே.

தேய்வு உண்டு, வலி இல்லை: கெட்டி உறை. வலி உண்டு, தேய்வு இல்லை: இரண்டு மூன்று மாதம் பழக்கமும் பயிற்சியும். இரண்டும் உண்டு என்றால் இரண்டும்; ஆனால் உறை வந்துவிட்டதே என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள், அப்படித்தான் பலர் விடுகிறார்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறைக்கு முன் தூக்கப் பரிசோதனை. மூச்சுத்தடை உறுதியானால் அதற்கான சிகிச்சையே சிலருக்குக் கடிப்பையும் குறைக்கும், மூச்சுத்தடைக்கென்றே தாடையை முன்னுக்குத் தள்ளும் உறையும் தனியாக உண்டு.

குழந்தைகள் பல் கடித்தால் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். தாடையும் பல்லும் வளர்ந்துகொண்டிருப்பதால் சாதாரணமாக உறை போட மாட்டார்கள். பூச்சிக்கும் பல் கடிப்புக்கும் உள்ள தொடர்பு நிரூபணமாகவில்லை. பூச்சி மருந்து கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுங்கள், பல் கடிப்பு அதனால் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குழந்தை குறட்டை விட்டு, வாயால் மூச்சு விட்டால் மட்டும் டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஒப்பீட்டுக்கே வராதவை சில உண்டு. 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி வந்து, உணவை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை சோர்ந்து, பார்வையும் மங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தலையின் ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் பார்வையே போகலாம். மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்ததும் வலி நின்றுவிட்டால் இதயத்தைப் பார்க்கணும். நெஞ்சு அழுத்தம், வியர்வையோடு தாடை வலி வந்தால் 108-ஐ அழையுங்கள்.

தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, இன்னும் சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுக் கல்லூரிகள், பல ஊர்களில் தனியார் கல்லூரிகள். உறைக்குச் செயற்கைப் பல் கட்டும் துறை, தாடை வலிக்கு வாய் மருத்துவத் துறை. காலை ஓ.பி.க்கு நேரத்தோடு போகணும், பலமுறை வரச் சொல்வார்கள். பட்டமேற்படிப்பு மாணவர் பார்த்தால் கவலைப்பட வேண்டாம். அவருக்கு மேலே ஒரு பேராசிரியர் சரிபார்ப்பார், கார்பன் தாளோடு நிதானமாக உட்காரவும் அவர்களுக்குத்தான் நேரம் இருக்கும்.

காசு கட்டும் முன் டாக்டரிடம் நான்கு கேள்வி: இது கெட்டியா மென்மையா? எல்லாப் பல்லையும் மூடுமா? பொருத்திய பின் சரிபார்க்கும் வருகைகள் இந்தக் கட்டணத்தில் அடக்கமா? உடைந்தால், வளைந்தால் எத்தனை மாதம்வரை மாற்றித் தருவீர்கள்? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அச்சு எடுத்த மாவுக்கட்டு மாதிரியையும் கேட்டு வாங்கி அட்டைப்பெட்டியில் பத்திரமாக வையுங்கள். உறை தொலைந்தால் மறு அச்சுக்கான செலவு மிச்சமாகலாம், ஒரு வருடம் கழித்துப் பல் தேய்ந்திருக்கிறதா என்று ஒப்பிடவும் அது உதவும்.